ஈர மரம்

கரும்பு ஆலை ஓடும் மாதங்களில் கடற்கரை மின்நிலையத்துக்குப் பசி தெரியாது. ஆலைச் சக்கை மலையாகக் குவிந்து கிடக்கும். அதை எரித்தே கொதிகலன் ஓடிவிடும். அரவை முடிந்து ஆலையை மூடியதும்தான் அவர்கள் மலைப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

நவுனிவி கிராமத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள். சபைக்கூடத்துப் பாயில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில் மயக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் சிரட்டைகளை வைத்தார்கள். இந்த மலைகளில் சும்மா நிற்கிற மரத்தை வைத்தே மேற்குக் கரை முழுவதற்கும் விளக்கெரிக்கலாம், டீசல் வாங்க வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார் தலைநகர் சூவாவிலிருந்து வந்த மேனேஜர்; ஊர்மொழி அவருக்குத் தெரியாது. வேலியோரத் தூங்குமூஞ்சி மரம், கொய்யாப் புதர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த அந்தச் சிவப்புப்பூ துலிப் மரம், எல்லாமே எரிபொருள்தான். வெட்டினால் மறுபடி தழைக்கும், தீரவே தீராது என்றார்.

"அது தீராதுன்னு எங்களுக்குத் தெரியும்யா," என்றான் இனோகே பின்வரிசையிலிருந்து. "எங்கப்பா அந்தக் களைய வெட்டி வெட்டியே செத்துப்போனாரு. அதுக்குள்ள கரண்டு இருந்துச்சுன்னு யாராவது அப்பவே சொல்லியிருந்தா மனுஷன் சந்தோஷமா வெட்டியிருப்பாரு."

கூடம் சிரித்தது. வாசலருகே பெண்களோடு உட்கார்ந்திருந்த திதிலியாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவளுடைய புருஷன் இனோகே எந்தக் கூட்டத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானது. மரம் வெட்டும் குழுவுக்குத் தலைவனாக, ஆற்றுக்கு அப்பால் வைலோத்து கிராமத்து விலிகேசாவைப் போட்டார்கள். அவன் திதிலியாவின் அண்ணன். இரண்டு ஊர்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். இனோகேயும் சேர்ந்தான். மச்சான்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலைபார்த்தால் கேட்க வேண்டுமா? காலையில் வேலை தொடங்கும்போது ஆரம்பிக்கும் வம்பு, மாலையில் லாரி கிளம்பும்வரை ஓயாது.

"மச்சான், ஒன் தலைய இந்த மெஷின்ல விட்டா ரெண்டு டன் தேறும். துளி ஈரம் இருக்காது," என்பான் இனோகே.

"ஒன் நாக்க விடறேன்டா. ஊருக்கே கரண்டு வரும்," என்பான் விலிகேசா.

ஆனால் திதிலியாவும் அண்ணனும் அவள் பெரியவளான நாளிலிருந்து நேருக்கு நேர் பேசியதில்லை. அதில் பகை கிடையாது. அண்ணன் தங்கைக்குள் இருக்க வேண்டிய மரியாதை அது. அவன் வீட்டுக்கு வந்தால் இவள் பின்வாசல் வழியாக இறங்கிவிடுவாள். அவனுக்குப் பிடித்த சேம்பிலைக் குழம்பை இவள் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துவைப்பாள்; இனோகே எடுத்துப் பரிமாறுவான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணி கெலேராவிடம் சொல்லி அனுப்புவாள். சின்ன வயதில் ஆற்றில் அவன் முதுகில் தொற்றிக்கொண்டு நீந்தியவள், இப்போது அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தவரை வேலை ஒழுங்காக நடந்தது. பக்கத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்து துலிப் மரத்துக்கு வந்தபோதுதான் தொல்லை பிடித்தது. அந்த மரத்தை வெட்டினால் தண்ணீர் வடியும். காயவிடாமல் எரித்தால் புகைதான் மிஞ்சும். வெட்டி அடுக்கி இரண்டு மாதமாவது வெயிலில் போட்டுவைக்க வேண்டும். மின்நிலையத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கரும்புச் சக்கை தீர்ந்துபோயிருந்தது. லாரிகள் தினமும் வந்து நின்றன.

மரம் அரைக்கும் மெஷினை மலைமேட்டில் நிறுத்தியிருந்தார்கள். வாய்க்குள் கட்டையைக் கொடுத்தால் பல் வைத்த உருளைகள் இழுத்துக்கொள்ளும். மறுபக்கக் குழாய் வழியாகச் சில்லு லாரிக்குள் பாயும். வாயின் விளிம்பில் சிவப்புச் சாயம் பூசிய இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. ஆள் தடுக்கி அதன்மேல் விழுந்தாலும், கையால் ஒரு அடி அடித்தாலும் உருளை நின்றுவிடும். துலிப் கட்டையின் ஈரப்பட்டை வழுக்கி, கட்டை புரண்டு, சும்மா சும்மா அந்தச் சட்டத்தில் இடித்தது. இடித்தபோதெல்லாம் மெஷின் நின்றது. மறுபடி ஓட வைக்கக் கால்மணி நேரம் பிடித்தது. மூன்று லாரி போக வேண்டிய நாளில் ஒன்றுதான் போனது.

"எனக்கு மூணு லோடு வேணும், விலிகேசா," என்றார் மேனேஜர். "எப்படிச் செஞ்சேன்னு நான் கேக்கமாட்டேன். நீயும் சொல்ல வேணாம். முடியலன்னா சொல்லு, தவுவாப் பக்கத்து ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அன்று மாலை இனோகே சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னான். மரவள்ளிக்கிழங்கை உப்பில் தொட்டுக் கடித்தபடி, வழக்கம்போலச் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தான்.

"ஒங்கண்ணன் இன்னிக்கு மெஷினுக்கு வைத்தியம் பாத்தாரு. அந்தச் செவப்புச் சட்டத்த வேலிக்கம்பி போட்டு இழுத்துக் கட்டிட்டாரு. இனிமே எத இடிச்சாலும் நிக்காது."

திதிலியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஆள் விழுந்தா?"

"ஆள் விழுந்தாலும் நிக்காது," என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டான். "நானும் கேட்டேன் புள்ள. மத்தவங்க முன்னால கேலியாத்தான் கேட்டேன், வேற எப்படி அவர்கிட்ட கேக்கறது? அவரு பதிலுக்குக் கேலி பண்ணல. மொகத்தத் திருப்பிக்கிட்டாரு."

"நான் அண்ணிகிட்ட சொல்றேன்."

"சொல்லு. ஆனா பதினாறு குடும்பம் அந்த மெஷின நம்பி இருக்கு. அதயும் அவருதான யோசிக்கணும்."

அவள் கெலேராவிடம் சொல்லத்தான் நினைத்தாள். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்தது. புதன்கிழமை இரவு சபைக்கூடத்தில் யங்கோனா இடிக்கும் சத்தம் கேட்டது, இனோகே போகவில்லை. எலுமிச்சை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டு, பாயோரம் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். லபாசா உறைவிடப் பள்ளியில் படிக்கிற மகள்கள் இரண்டு பேரையும் பற்றிப் பேசினான். அவள் தூங்கியபிறகு அவனும் தூங்கினான்.

வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டிருந்ததால் திதிலியா தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினாள். மெஷின் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். கம்பி கட்டியதிலிருந்து அது இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. முன்மதியத்தில் அந்தச் சத்தம் ஒரு கணம் தடித்து, பிறகு பழையபடி ஓடி, கொஞ்ச நேரம் கழித்து ஒரேயடியாக நின்றது. பக்கத்துத் தோட்டங்களில் இருந்த பெண்களும் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார்கள். எல்லார் வீட்டு ஆண்களும் அங்கேதான் இருந்தார்கள். மேட்டிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு லாரி இறங்கி வந்தது. டிரைவர் பக்கத்தில் இனோகேயின் அண்ணன் நேமானி உட்கார்ந்திருந்தான். அவன் இறங்கி, பெண்கள் எல்லாரையும் தாண்டி, திதிலியாவின் முன்னால் வந்து சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இனோகேயின் சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தது நேமானி மட்டும்தான். அதற்குப் பிறகு அவன் பல நாள் சாப்பாட்டுக்குக் கை நீட்டவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். வீட்டுமுன் பந்தல் போட்டார்கள். ஊர் ஊராகப் பாயும் துணியும் கொண்டு துக்கத்துக்கு வந்தார்கள். வைலோத்திலிருந்து வந்தவர்களோடு விலிகேசாவும் வந்தான். உள்ளே வராமல், சுவருக்கு வெளியே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். உள்ளே அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த திதிலியாவுக்கு அவன் இருமுவது கேட்டது. நடுவில் ஒரு பலகைதான் இருந்தது.

அடக்கம் முடிந்தபிறகுதான் அந்தப் பேச்சு அவள் காதுக்கு வந்தது. போலீஸ் வந்து பார்த்தபோது சிவப்புச் சட்டம் நன்றாக வேலை செய்ததாம். கம்பி எதுவும் இல்லையாம். முந்தின இரவு விடிய விடிய யங்கோனா குடித்தவன், தூக்கக் கலக்கத்தில் ஓடுகிற உருளைக்குள் காலை விட்டுவிட்டானாம். மேனேஜர் அப்படித்தான் சொன்னார். குழுவில் இருந்த யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

அவள் ஆற்றைக் கடந்து வைலோத்துக்குப் போனாள். கெலேரா கல்மேல் துணி அலசிக்கொண்டிருந்தாள். திதிலியாவைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் இருவரும் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, அந்தக் கம்பி எங்க?"

கெலேரா துணியைப் பிழிந்தாள். "எந்தக் கம்பி?"

"ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியாதுடி. அவரு என்கிட்ட எதுவுமே பேசறதில்ல. தூங்கறதில்ல. வெளிக்குப் போறேன்னு போனா விடிஞ்சுதான் வர்றாரு. இப்ப நீ வேற வந்து கேக்கற."

"பொண்டாட்டி நீங்க கேட்டா அவரு சொல்லுவாரு. நான் கேக்க முடியாதில்ல, அதான் ஒங்ககிட்ட வந்தேன். இனோகே அன்னிக்கு ராத்திரி என் பக்கத்துலதான் இருந்தாரு. ஒரு சிரட்டை குடிக்கல. குடிகாரன் செத்தான்னு என் புள்ளைங்க கேக்கணுமா?"

"ஒங்கண்ணன ஜெயிலுக்கு அனுப்பணுமா? அதான் வேணுமா ஒனக்கு?"

"ஜெயில் வேணாம் அண்ணி. சொன்னா போதும்."

"சொன்னா ஜெயில்தான். சொன்னா மெஷினும் போயிடும். ஒங்க ஊரு ஆளுங்க ஒன்பது பேரு, எங்க ஊரு ஏழு பேரு, எல்லாரும் ஒன் வாசல்ல வந்து நிப்பாங்க. அப்ப என்ன சோறு போடுவ?" கெலேரா துணிகளை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "செத்தவன் ஒனக்குப் புருஷன். எங்க வூட்டுக்காரருக்கு அவன் உசுரு. அத மறந்துட்டுப் பேசாத."

சில வாரங்கள் கழித்து மின்நிலையத்துக்காரர்கள் திமிங்கிலப் பல் கொண்டு வந்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்தால் அதைத்தான் கொண்டுவர வேண்டும். இறந்தவனின் குலத்தார் அதைக் கையில் வாங்கிவிட்டால் அந்த விவகாரம் அத்தோடு முடிந்தது. பிறகு அதை யாரும் கிளறக்கூடாது. துணிக் கட்டுகளும் அரிசி மூட்டைகளும் ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் கூடத்து வாசலில் இறங்கின. மேனேஜர் ஊர் வழக்கப்படி புது சுலு வேட்டி கட்டியிருந்தார். அவருக்குப் பக்கத்தில், மன்னிப்புக் கேட்கிறவர்களின் வரிசையில், குழுத் தலைவன் என்ற முறையில் விலிகேசா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் குலத்தின் சார்பில் நேமானி.

அவர்கள் அழைத்துவந்திருந்த பேச்சுக்காரர் மண்டியிட்டு, பல்லை இரண்டு கைகளிலும் ஏந்தினார். குரல் நல்ல கனமான குரல். வானத்தில் ஆரம்பித்து, நிலத்தின் மூதாதைகளைக் கும்பிட்டு, மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"சோர்வு மனுஷனுக்கு வர்றதுதான். ஒங்க புள்ளைக்கும் அன்னிக்கு அந்தச் சோர்வு வந்துடுச்சு. அந்த ஒரு நொடியில நடந்த தவறுக்கு, அந்த மெஷின் எங்களோடதுங்கறதால, நாங்க ஒங்க காலடியில வந்து உக்காந்திருக்கோம்..."

நேமானி கையை நீட்டினான்.

திதிலியா எழுந்து நின்றாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒரு பெண் எழுந்து நிற்பது நடக்காத காரியம். பக்கத்திலிருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். திதிலியா நேமானியையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை.

"அண்ணே," என்றாள். "விலிகேசா அண்ணே. நீ கட்டின கம்பி எங்க?"

அவன் தலையை நிமிர்த்தவே மாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தன்னிடம் பேசாத தங்கையின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆத்துல போட்டுட்டேன்," என்றான்.

"அவரு தூங்கிட்டாரா?"

"இல்ல." பிறகு வேகமாக, நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனான். "அவன் என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தான். கட்டையில கொடி சுத்தியிருந்துச்சு. பச்சைக் கொடி, வெட்டி எடுக்க நேரமில்ல, அப்படியே உள்ள குடுத்தோம். அது அவன் கணுக்கால்ல மாட்டிக்கிச்சு. நான் ஓடிப்போய்ச் சட்டத்த அடிச்சேன். ரெண்டு கையாலயும் அடிச்சேன். நிக்கல. நானே கட்டினது, நான் அடிச்சா எப்படி நிக்கும். கம்பியப் பிச்சேன். வரல. அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். மச்சான்னு கூப்பிடல, பேரச் சொல்லிக் கூப்பிட்டான்."

மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேசுகிறான் என்று மெதுவாகக் கேட்டார். யாரும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

திதிலியா உட்கார்ந்தாள். பேச்சுக்காரர் இன்னும் பல்லை ஏந்திக்கொண்டுதான் இருந்தார். அவர் முழங்கைகள் தளர ஆரம்பித்திருந்தன. எல்லார் கண்ணும் நேமானியின்மேல் இருந்தது. அவன் தம்பியைப் பெட்டியில் வைத்தவன். அவனுடைய இரண்டு மகன்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த இளைஞர்களைப் பார்த்தான். வாசலில் இருந்த அரிசி மூட்டைகளைப் பார்த்தான் என்றும் பிறகு சிலர் சொன்னார்கள், திதிலியா அதைக் கவனிக்கவில்லை.

அவன் கையை நீட்டிப் பல்லை வாங்கிக்கொண்டான்.

பல்லை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று முறை கைதட்டும் சத்தம் கூடத்தில் எழுந்தது. வழக்கமாக அது ஒரே சத்தமாக இருக்கும். அன்று முன்னும் பின்னுமாக, மழை தொடங்கும்போது தகரத்தில் விழுவதுபோல விழுந்தது.

மாலையில் நேமானி அவள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தான். "திட்டணும்னா திட்டிடு," என்றான்.

"திட்டி என்ன ஆகப்போவுது."

"அவன் குடிக்கலன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அது போதாதா?"

"ஒங்களுக்குப் போதுமா மச்சான்?"

அவன் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

விவகாரம் முடிந்தது என்றுதான் இரண்டு ஊரும் நினைத்தன. ஆனால் மறுநாள் காலையில் விலிகேசா சட்டை போட்டுக்கொண்டு, கெலேரா காலைப் பிடித்து அழ அழ, பஸ் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டான். கம்பி கட்டியது நான், அவிழ்த்து ஆற்றில் போட்டது நான் என்றான். மூன்று லோடு எப்படியாவது வேண்டும் என்று மேனேஜர் சொன்னதையும் சொன்னான். முதல் இரண்டுக்கும் அவனே சாட்சி. மூன்றாவதற்குச் சாட்சி கேட்டார்கள்; மேனேஜர் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் யாரும் இல்லை. மேனேஜர் வந்து, அந்தச் சட்டத்தைப் பற்றிக் குழுவுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்திய நாளில் விலிகேசா முன்வரிசையில் இருந்ததைப் புகைப்படத்தோடு காட்டினார். வழக்கு அவன் ஒருவன்மேல் மட்டும் நின்றது. இரண்டு வருஷம் போட்டார்கள்.

மெஷினை இழுவை வண்டியில் கட்டித் தவுவாப் பக்கம் கொண்டுபோனார்கள். நவுனிவி ஆண்கள் சிலர் கரும்பு வெட்டப் போனார்கள்; சிலர் சும்மா இருந்தார்கள். கிணற்றடியில் பெண்கள் திதிலியாவோடு பேசினார்கள். ஆனால் அவள் வந்ததும் பேச்சு மாறும். வெட்டிய துலிப் அடிக்கட்டைகளிலெல்லாம் ஒன்றுக்குப் பத்தாகக் கொழுந்து விட்டு, மேட்டுத் தோட்டங்களை மூடிக்கொண்டு வந்தது. அவற்றை வெட்டக் கூலி கொடுக்க இப்போது யாரும் இல்லை.

கெலேராவின் தோட்டத்தில் ஆண் துணை இல்லாமல் களை ஆளுயரம் வளர்ந்திருந்தது. திதிலியா விடியுமுன் ஆற்றைக் கடந்து போய் அதில் பாதியைக் கொத்தி, மரவள்ளிக் குச்சி நட்டுவிட்டு வருவாள். கெலேரா ஜன்னலிலிருந்து பார்ப்பாள். தடுக்கவும் மாட்டாள், கூப்பிடவும் மாட்டாள்.

மழைக்காலம் முடிந்தபிறகு திதிலியா லௌட்டோகாவுக்குப் போனாள். சிறையில் ஒரு நீள மேசை போட்டிருந்தது. விலிகேசா எதிரே வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருவருக்கும் கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் பொட்டலத்தைப் பிரித்து, வாழையிலையில் கட்டிய சேம்பிலைக் குழம்பை அவன் பக்கம் தள்ளினாள். எடுத்துப் பரிமாற நடுவில் ஆள் இல்லை.

அவன் கொஞ்சம் எடுத்துத் தின்றான். "உப்பு கம்மி," என்றான்.

"கடையில உப்பு தீந்துபோச்சு. நாளைக்குத்தான் வரும்னான்."

"புள்ளைங்க?"

"படிக்குதுங்க. பெரியவ ஒன்னப் பத்திக் கேட்டா."

"என்ன சொன்ன?"

"நடந்தத சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். "எனக்கு ஒன்மேல கோவம் இல்ல, திதி," என்றான். "இருந்தா நல்லாருக்கும்னு நெனைக்கிறேன். வரமாட்டேங்குது."

"எனக்கு இருக்கு," என்றாள் அவள். "ஒன்மேல. போவாது போல."

"இருக்கட்டும்."

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். விலிகேசா எழுந்து, இலையை மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த தடவை கெலேராவ அனுப்பு."

"அண்ணி என்கூட பேசறதில்ல. நான் சொன்னா வரமாட்டாங்க."

அவன் கதவுவரை போய் நின்றான். திரும்பாமலே, "அப்ப நீயே வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.